ஒரே நிழலில் நாரையும் வீடும்: கூந்தன்குளத்தை நீர்வண்ணத்தில் வரைவது எப்படி

நீர்வண்ணம் கற்க வருகிறவர்களிடம் என்ன வரைய ஆசை என்று கேட்டால், பெரும்பாலும் "இயற்கையை வரையணும் டீச்சர்" என்பார்கள். சரி, வரைந்து கொண்டுவாருங்கள் என்றால் சூரிய அஸ்தமனம், தென்னை மரம், ஓரமாக ஒரு படகு. மனிதர் இருக்க மாட்டார். இருந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பார். அந்தப் படங்களில் நிறம் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மலைக்கும் அந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்று படம் சொல்லாது. அவரை எடுத்துவிட்டாலும் படம் அப்படியேதான் இருக்கும்.

மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை வரைய வேண்டுமானால், இருவருக்கும் நடுவில் எது கைமாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நிழலா, தண்ணீரா, எருவா, சத்தமா? அதை ஒரே கலவையில், தூரிகையை எடுக்காமல் இரண்டு பேர் மேலும் ஓடவிட வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பதன் சாரமே இதுதான். இதைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், நான் திரும்பத் திரும்பப் போய் வரையும் ஓர் ஊரை வைத்தே சொல்கிறேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி வட்டாரத்தில், மூலைக்கரைப்பட்டிப் பக்கம் இருக்கிறது கூந்தன்குளம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து குளம் நிறையும். குளத்துக்குள் இருக்கும் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுவது எல்லாச் சரணாலயத்திலும் பார்க்கிற காட்சிதான். இந்த ஊரின் சிறப்பு வேறு. பறவைகள் ஊருக்குள்ளேயே வந்துவிடும். தெருவில் நிற்கும் வேம்பிலும் புளியிலும், வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்திலும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மரத்தடியில் துணி காயும், குடம் நிற்கும், பிள்ளைகள் விளையாடும். மேலே அத்தனை பெரிய பறவை சுள்ளி கொண்டுவந்து செருகிக்கொண்டிருக்கும். கீழே இருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்த நிமிர்ந்து பார்க்காமை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெளியூரிலிருந்து போகிற நாம்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது பக்கத்து வீடு. உங்கள் படத்தில் வரும் மனிதரையும் அப்படியே வரையுங்கள். பறவையைக் கைகாட்டி வியந்து நிற்கும் ஆள் வேண்டாம். அவர் பாட்டுக்குப் பாத்திரம் கழுவட்டும்.

எப்போது போவது, எப்படி நடந்துகொள்வது

கூடும் குஞ்சும் பார்க்க வேண்டுமானால் ஜனவரியிலிருந்து ஏப்ரல், மே வரை போகலாம். படம் வரைய நான் சொல்வது மார்ச், ஏப்ரல். வெயில் கடுமைதான். ஆனால் நாம் வரையப்போவது நிழலை. வெயில் இல்லாமல் நிழல் ஏது?

போனதும் கூட்டுக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடை வேண்டாம். கைதட்டிப் பறவையைப் பறக்கவைத்துப் போட்டோ எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை வேறில்லை. தாய்ப்பறவை எழும்பிப்போன சில நிமிஷத்தில் காகம் வந்துவிடும். வெயிலில் கிடக்கும் சின்னக் குஞ்சு சூட்டைத் தாங்காது. தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஒரு திண்ணையில் கேட்டு உட்கார்ந்துகொண்டால் உங்களுக்கும் நிழல், பறவைக்கும் தொந்தரவில்லை. வீட்டுக்காரர்களிடம் என்ன வரையப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முகம் தெரிய வரைவதானால் அவர்களிடம் கேட்காமல் வரையக் கூடாது.

தூரிகை கழுவிய தண்ணீரைக் குளத்தில் கொட்டக் கூடாது, வாய்க்காலிலும் கூடாது. காட்மியம், கோபால்ட் சேர்ந்த நிறங்கள் விஷம். ஒரு காலி பாட்டிலில் ஊற்றி மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பறவையை வரைய வந்துவிட்டு அது மீன் பிடிக்கும் தண்ணீரைக் கெடுப்பது எந்த வகையிலும் சரியில்லை.

சாமான்கள்

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். காசு செலவழிப்பதானால் காகிதத்தில் செலவழியுங்கள். 300 ஜிஎஸ்எம் (காகிதத்தின் கனத்தைச் சொல்லும் அளவு), முழுப் பருத்தி, சொரசொரப்பான பக்கம் உள்ளது. பிரஸ்ட்ரோ போன்ற இந்திய பிராண்டுகளிலேயே கிடைக்கிறது. மலிவான மரக்கூழ்க் காகிதம் நிறத்தை மேலாகவே வைத்திருக்கும். இரண்டாவது தடவை தூரிகை படும்போது கீழே இருப்பது கிளம்பி வந்து சேறாகும். நாம் மூன்று அடுக்கு போடப்போகிறோம், அதனால் பருத்திதான் சரிவரும்.

தூரிகையில் 12-ஆம் எண் உருண்டை ஒன்று, 6-ஆம் எண் ஒன்று, ஓர் அங்குலத் தட்டை ஒன்று. நிறம் கேம்லின் ஆர்ட்டிஸ்ட் ட்யூபே போதும். எல்லோ ஆக்கர் என்னும் மண்மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், ஒரு கிரிம்சன் சிவப்பு, ஓர் எலுமிச்சை மஞ்சள். ஐந்தே ஐந்து. கடைசித் தெறிப்புக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை கோவாஷ், அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம். கறுப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் நமக்கு வேண்டிய சாம்பல், கருநீலம், கரும்பழுப்பு எல்லாம் வரும். எது கூடுகிறதோ அந்தப் பக்கம் சாயும். இந்த ஒரு கலவையில்தான் மொத்தப் படமும் நிற்கப்போகிறது.

வெயில் ஊரில் இன்னொரு சிக்கல், போட்ட வாஷ் (நிறையத் தண்ணீர் கலந்து பரப்பும் நிறப்பூச்சு) கண்முன்னே காய்ந்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. காகிதத்தின் இரண்டு பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஒரு பிளாஸ்டிக் பலகை மேலோ கண்ணாடி மேலோ ஒட்டினாற்போல் விரித்துவிடுங்கள். அடியில் இருக்கும் ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும். மாஸ்கிங் டேப் தேவையே இல்லை. நிழலில் உட்கார்ந்து வரைந்தால் அரை மணி நேரமாவது காகிதம் ஈரமாக நிற்கும்.

தெருமண்ணிலிருந்து ஒரு நிறம்

இதைச் செய்யாமலும் படம் வரையலாம். ஆனால் செய்து பார்க்கச் சொல்லி எல்லோரையும் வற்புறுத்துவேன். நீர்வண்ணம் என்பதே மண்ணும் பிசினும்தான். நிறப்பொடியைக் காகிதத்தில் பிடித்துவைப்பது அரபிக் கோந்து. அது ஆப்பிரிக்காவில் வளரும் ஒருவகை வேல மரத்தின் பிசின். கூந்தன்குளத்தில் நாரை உட்காரும் கருவேலமும் அதன் உறவுமரம். ஆக்கர் என்று ட்யூபில் விற்பது மண். நம் வாசலில் கோலத்துக்கு ஓரம் கட்டும் காவியும் அதே வகை. அப்படியிருக்க, ஒரு தெருவை வரையும்போது அந்தத் தெருவின் செம்மண்ணிலேயே வரைந்தால் என்ன?

ஒரு கைப்பிடி செம்மண் எடுங்கள். எரு விழாத இடமாகப் பார்த்து எடுங்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கி ஒரு நிமிஷம் விடுங்கள். மணலும் கல்லும் கீழே தங்கிவிடும். கலங்கிய தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துவிட்டு, தங்கியதைத் தூக்கிப் போடுங்கள். வடித்ததை மறுபடி கலக்கி, மறுபடி ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி வடியுங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்தால் விரலிடுக்கில் தேய்த்தால்கூட நெருநெருக்காத வண்டல்தான் மிஞ்சும். அதை ஒரு நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டுக் காயவையுங்கள். காய்ந்ததும் பொடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் கருவேலம்பிசின் கிடைக்கும். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அதில் கால் பங்கு தேன் விடுங்கள். தேன் இல்லாவிட்டால் காய்ந்த நிறம் வெடித்துப் பொருக்குத் தட்டும். இரண்டு கிராம்பு போட்டுவைத்தால் பூஞ்சை எளிதில் அண்டாது.

இனி மண்பொடியைக் கண்ணாடித் துண்டின் மேல் குவித்து நடுவில் குழி செய்து, பிசின்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அடி தட்டையான கண்ணாடி டம்ளரால் வட்டம் வட்டமாக அரையுங்கள். பொடியும் பிசின்நீரும் ஏறக்குறைய சமம் என்று ஆரம்பித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் மண் வேறு என்பதால் அளவு மாறும். ஒரு காகிதத் துண்டில் தீற்றிக் காயவைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளவென்று விரிசல் விட்டால் பிசின் கூடிவிட்டது. சரியாக வந்ததை ஒரு பாட்டில் மூடியில் ஊற்றிக் காயவைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது ஈரத் தூரிகையால் தொட்டால் போதும்.

கடையில் வாங்கும் நிறம்போல இது வழவழவென்று ஓடாது. காகிதத்தின் குழிகளில் பொடிப்பொடியாக உட்காரும். தெருப்புழுதிக்கு அதைவிடப் பொருத்தமான தன்மை வேறு எந்த ட்யூபிலும் கிடையாது.

வரைவதற்கு முன் உட்கார்ந்திருப்பது

போன உடனே பென்சில் எடுக்காதீர்கள். ஒரு மரம், ஒரு வீடு தேர்ந்தெடுத்து வெறுமனே பாருங்கள். எது மேலிருந்து கீழே வருகிறது, எது கீழிருந்து மேலே போகிறது என்று சொற்களில் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் இருப்பதில் சில: ஓட்டுக்கூரை மேல் வெள்ளை வெள்ளையாக எச்சம். மரத்தடிக் குடத்துக்கு மூடி. கட்டிலைக் கூட்டுக்கு நேர் கீழே போடாமல் ஓர் அடி தள்ளிப் போட்டிருப்பது. கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கி அடுப்புக்கு ஒதுக்குவது. எச்சம் கலந்த மண்ணைக் கூட்டிக் குவித்திருப்பது, அது வயலுக்கு எருவாகப் போகும். கூட்டிலிருந்து விழும் குஞ்சை எடுத்துப் பாதுகாத்து வளர்த்துவிடும் வழக்கமும் அந்த ஊரில் உண்டு.

நாற்றத்தைச் சொல்லாமல் விட முடியாது. கூடு கட்டும் காலத்தில் மீன்நாற்றமும் எச்ச நாற்றமும் சேர்ந்து தெருவையே நிறைக்கும். திண்ணை கொடுத்த ஆச்சியிடம் கேட்டேன்: "ஆச்சி, இந்த நாத்தத்துல எப்படி இருக்கீங்க?"

"பிள்ளை வளக்குற வீட்டுல பீ நாறாம என்ன டீச்சர் நாறும்?" என்றார். சொல்லிவிட்டுப் புளியை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் எச்சத்தை மறைத்து வரைந்ததில்லை. பலரும் அழகுக்காக அதை விட்டுவிடுகிறார்கள். அந்த வெள்ளைத் தெறிப்புகள் படத்தில் இருந்தால்தான் மேலே இருப்பது கீழே இறங்கி வந்திருக்கிறது என்று தெரியும். அது இல்லாத கூரை வெறும் கூரை.

இந்தக் குறிப்புகளிலிருந்து ஒன்றே ஒன்றை எடுங்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது நிழல். உச்சி வெயிலில் நாரை, கூட்டின் விளிம்பில் நின்று சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் காட்டும். வெயில் நகர நகர அதுவும் திரும்பி நிற்கும். அதே நேரத்தில் அதே மரத்தின் நிழலில், கீழே ஒரு தாய் பிள்ளையை மடியில் போட்டுச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் மரம். இதைச் சொல்ல முகபாவம் எதுவும் தேவையில்லை, நிழலின் நிறம் ஒன்றாக இருந்தால் போதும்.

தீப்பெட்டி அளவில் மூன்று நான்கு சின்னக் கட்டம் போட்டு, பென்சிலால் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே டோனில் அடைத்துப் பாருங்கள். நாரையின் வெள்ளைக்குப் பின்னால் இருட்டான இலைக்கூட்டம் வருகிறதா? தாயின் தலைக்குப் பின்னால் வெயில் பட்ட சுவர் வருகிறதா? கட்டத்திலேயே அது தெரியாவிட்டால் பெரிய காகிதத்தில் ஒருபோதும் தெரியாது. கட்டத்தை மாற்றுங்கள். கூடு மேலே வலப்பக்கம், தாய் கீழே இடப்பக்கம் என்று குறுக்காக வைத்தால் கண் நிழலைப் பிடித்துக்கொண்டே இறங்கும்.

முதல் வாஷ்

2பி பென்சிலால் மெல்லிய கோடு போதும். நாரையின் உருவத்தை மட்டும் கவனமாகப் போடுங்கள். அதன் அலகு நுனியில் லேசாகக் கீழ்நோக்கி வளையும். முகம் இறகில்லாமல் ஆரஞ்சும் சிவப்புமாக இருக்கும். வெள்ளை உடம்பு, மார்பில் கருமைப் பட்டை, சிறகில் கறுப்பு வெள்ளை வரி, வால் பக்கம் இளஞ்சிவப்பு. கூழைக்கடாவையும் சேர்ப்பதானால் அதைத் தூய வெள்ளையாக விடாதீர்கள், அது மங்கிய சாம்பல் நிறம். பறக்கும் பறவை போடுவதானால், நாரை கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும், கூழைக்கடா கழுத்தை மடக்கித் தோளில் வைத்துக்கொள்ளும். இதை மாற்றிப் போட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

காகிதம் ஈரமாக இருக்கும்போதே தட்டைத் தூரிகையில் எல்லோ ஆக்கரை நிறையத் தண்ணீரோடு எடுத்து, வானத்தின் அடிப்பக்கத்திலிருந்து சுவர், கூரை, தெரு, தாயின் சேலை எல்லாவற்றின் மேலும் ஒரே வீச்சில் போட்டுவிடுங்கள். எல்லைக்கோடுகளை மதிக்க வேண்டாம். நாரையின் உடம்பையும் சேலையில் வெயில் படும் ஒரு விளிம்பையும் மட்டும் காகித வெள்ளையாக விட்டுவிடுங்கள். ஈரத்தின் மேலேயே தெருப்பக்கம் செம்மண் நிறத்தை இறக்குங்கள். அது சுவரின் அடியில் ஏறும், சேலையின் கரையில் ஏறும். ஏறட்டும். நிஜத்திலும் அந்த மண்ணின் சிவப்பு சுவரில் பட்டுத் திரும்புகிறது. வானத்துக்கு அல்ட்ராமரைன் மிக மெல்லிதாக, மேல் மூலையில் மட்டும். சித்திரை வெயிலில் வானம் நீலமாகவா இருக்கிறது? வெளிறித்தான் கிடக்கும்.

புதிதாக வரைபவர்கள் இந்த இடத்தில்தான் பயப்படுவார்கள். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து போய்விட்டதே என்பார்கள். கலக்கத்தான் வேண்டும். வீட்டுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு நிறம், மரத்துக்கு ஒரு நிறம் என்று தனித்தனியாகக் கட்டம் கட்டி அடைத்தால், கடைசியில் என்ன செய்தாலும் அவை ஒட்டாது. முழுக்கக் காயவிடுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மரம்

வேம்பானால் இலைக்கூட்டம் கொத்துக்கொத்தாகத் தொங்கும். புளியானால் மேகம்போல் திரண்டு நிற்கும். இலை இலையாக வரையாதீர்கள். எலுமிச்சை மஞ்சளில் அல்ட்ராமரைன் கலந்து ஒரு பச்சை, அதில் பர்ன்ட் சியன்னா சேர்த்து அடங்கிய பச்சை. 12-ஆம் எண் தூரிகையைப் படுக்கவைத்து, காய்ந்த சொரசொரப்பில் இழுத்தால் இடையிடையே காகிதம் தெரியும். வெயில் சலிந்து வருவது அப்படித்தான். நாரையைச் சுற்றி மட்டும் அடர்த்தியாகப் போடுங்கள். பறவையின் கோட்டை வரையவே வேண்டாம். பின்னால் இருக்கும் பச்சையே அதை வெட்டிக் காட்டிவிடும். கூடு என்பது சுள்ளிக் குவியல். தூரிகையின் பின்முனையால் ஈர நிறத்தைக் கீறினாலே சுள்ளி வந்துவிடும்.

நிழல்

இப்போது அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் நிறையக் கலந்துகொள்ளுங்கள். நிறைய என்றால், நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலக்க வேண்டி வராத அளவு. மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. துளி கிரிம்சன் சேருங்கள். காகிதத்தில் தொட்டுப் பார்த்தால் லேசாக ஊதா படர்ந்த சாம்பலாக இருக்க வேண்டும். அல்ட்ராமரைன் பொடிப்பொடியாகப் பிரிந்து குழிகளில் தங்கும். அதைத் தடுக்காதீர்கள்.

தூரிகையை முழுக்க நனைத்து, நாரையின் விரித்த சிறகுக்கு அடியில் தொடங்குங்கள். வெள்ளை இறகின் வழியாக வெயில் ஊடுருவுவதால் அங்கே நிழல் மெலிதாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த ஈரத்திலேயே துளி ஆக்கர் தொட்டு வையுங்கள். குஞ்சுகள் அந்த நிழலுக்குள் இருக்கும் இரண்டு மூன்று வெளிறிய உருண்டைகள், அவ்வளவுதான். அங்கிருந்து தூரிகையை எடுக்காமல் கூட்டின் அடிப்பக்கம், கிளை, அடிமரம் என்று இறங்குங்கள். அடிமரத்திலிருந்து ஓட்டுக்கூரைக்குத் தாவும்போது நிழலின் விளிம்பு ஓட்டின் வளைவுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். கூரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து தாயின் தோள், தலைப்பு, மடி. கடைசியாகத் தெரு. தெருவில் நிழல் நீலம் கூடி இருக்கும். அதனால் பேலட்டின் நீலப் பக்கத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

முத்துக் கோத்த நூல் போல இந்த ஒரு வாஷ் மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் வரவேண்டும். நடுவில் போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு விளிம்பு விழும், விழுந்தால் மேலுலகம் வேறு கீழுலகம் வேறு என்று ஆகிவிடும். காகிதத்தை மேல்பக்கம் இரண்டு விரல் உயர்த்தி வைத்தால் நிறமே தானாக இறங்கிக்கொண்டு வரும், தூரிகை அதற்கு வழி காட்டினால் போதும்.

எங்கே விளிம்பு கூர்மையாக வேண்டும், எங்கே கரைய வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நாரையின் சிறகு நுனி கூர்மை. தாயின் முதுகு, திண்ணை நிழலோடு கரைந்துபோகட்டும். சேலைத் தலைப்பின் வெயில் பட்ட விளிம்பு கூர்மை. பிள்ளையின் உருவம் பாதி கரைசல். கரைந்த இடத்தைப் பார்ப்பவர்கள் தங்கள் கண்ணாலேயே நிரப்பிக்கொள்வார்கள். மனிதரைச் சுற்றி முழுக்கக் கோடு போட்டு அடைத்துவிட்டால் அவர் ஒட்டவைத்த படம்போல் தனியாக நிற்பார். ஆளை இடத்தோடு சேர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மனிதர்

சின்ன உருவத்துக்குக் கண், மூக்கு வேண்டாம். தலையைச் சின்னதாகப் போடுங்கள். நின்றால் ஏழு தலை உயரம், தரையில் உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கு. உட்காரும் விதம்தான் முக்கியம். நம் ஊர்ப் பெண்கள் பிள்ளையை மடியில் போடும்போது ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்காருவார்கள், முதுகு லேசாக வளையும். அந்த வளைவும் மேலே நாரையின் கழுத்து வளைவும் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தோல் நிறத்துக்கு என்று விற்கும் இளஞ்சிவப்பு ட்யூபைத் தொடாதீர்கள். நம் தோல் அந்த நிறமில்லை. பர்ன்ட் சியன்னாவில் துளி அல்ட்ராமரைன், வெயில் படும் இடத்தில் ஆக்கர். கவனித்தீர்களானால், அடிமரத்துக்குப் போட்டதும் கூட்டுக்குப் போட்டதும் இதே கலவைதான்.

கடைசித் தொடுதல்கள்

எல்லாம் காய்ந்த பிறகு நாரையின் மஞ்சள் அலகு, ஆரஞ்சு முகம், வால் பக்க இளஞ்சிவப்பு. அந்த இளஞ்சிவப்பையே இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துச் சேலையில் ஓரிடத்தில் வையுங்கள். நிறம் இப்படி மேலும் கீழும் பேசிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாமலேயே வேலை செய்யும்.

அப்புறம் எச்சம். கூரையில் சில இடங்களை ஈரத் தூரிகையால் தேய்த்துத் துணியால் ஒற்றி நிறத்தை எடுங்கள். அது பழைய, மழையில் கரைந்த எச்சம். புதியதற்கு வெள்ளை கோவாஷைக் கெட்டியாகக் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் தொட்டு, விரலால் வருடித் தெறிக்கவிடுங்கள். நாரையின் மேலும் தாயின் மேலும் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகத் தெறித்தால்தான் சரியாக விழும். கூரையில், இலையில், கட்டிலின் ஓரத்தில் ஒன்றிரண்டு. குடத்தின் மூடியில் கட்டாயம் ஒன்று.

இதற்கு மேல் தொடாதீர்கள். பின்னால் மலை தெரிந்ததே, போடலாமா என்று தோன்றும். வேண்டாம். படத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், கண் அவர்களிடம் இருக்கட்டும். காய்ந்ததும் திண்ணை கொடுத்தவர்களிடம் காட்டிவிட்டு வாருங்கள். எந்த மரம் என்று அவர்களே சொல்லிவிட்டால் மரம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் நல்ல நகல் ஒன்று எடுத்து அடுத்த தடவை கொண்டுபோய்க் கொடுங்கள். அசலை எரியும் வெயிலில் மாட்டாதீர்கள், கிரிம்சன் நிறங்கள் பல வெளுத்துவிடும். கண்ணாடிச் சட்டம் போடும்போது கண்ணாடி காகிதத்தில் ஒட்டாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

வேறு ஊரில் வரைய

கூந்தன்குளம் போக முடியாதவர்கள் பக்கத்தில் இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே கைமாறுவது நிழலாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்ப் பறவைகள் கலையாமல் இருக்கத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே கைமாறுவது அமைதி. அமைதியை நீர்வண்ணத்தில் சொல்ல வெள்ளையாக விட்ட காகிதம்தான் உதவும், படத்தில் பாதியைத் தொடாமலே விடலாம். தீபாவளி இரவு, கண்மாய்க் கரையில் ஓர் அகல்விளக்கு, மரத்தில் மங்கலாக வெள்ளைப் புள்ளிகள் என்று ஒரு மாணவி வரைந்து வந்தாள். நன்றாக வந்திருந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் கைமாறுவது தண்ணீர். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பறவைகளைச் சுடக் கூடாது என்று கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு வாங்கினார்கள். அங்கே ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலிருந்து தொடங்குங்கள். பறவைகளின் வெள்ளைப் பிம்பம் கலங்கிய பச்சைச் சாம்பல் தண்ணீரில் விழட்டும். அதே கலவையைத் தூரிகை எடுக்காமல் கரையை ஒட்டி, மதகு வழியாக, வாய்க்காலில் இறக்கி, நாற்றுக்கு நடுவில் பரப்பி, குனிந்து நடவு நடும் பெண்களின் கணுக்கால் வரை கொண்டுவாருங்கள். கால் தண்ணீருக்குள் இருக்கும் இடத்தில் விளிம்பு கரைய வேண்டும். காகிதத்தை இந்தத் தடவை மேலே உயர்த்தாமல் பக்கவாட்டில், ஏரி இருக்கும் பக்கம் உயர்த்திப் பிடியுங்கள்.